மரக்கலமும் மக்கள்தொகைக் கணக்கும்

மதீனா நகரில் இஸ்லாத்தை மொழிந்தோர் எத்துணையர் என்று அறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிய செய்தி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி, ஸஹீஹுல் புகாரியில் 'எழுதுங்கள்' என்னும் பொருள்தரும் சொல்லால் அமைந்துள்ளது. ஸஹீஹ் முஸ்லிமிலோ 'எண்ணுங்கள்' என்னும் பொருளுடைய சொல் வந்துள்ளது. முன்னதில் 1500 ஆடவர் என்றும், பின்னதில் 600க்கும் 700க்கும் இடைப்பட்டோர் என்றும் தொகை கூறப்படுகிறது. இவ்விரு அறிவிப்புகளையும் இணைத்து விளக்க விரிவுரையாளர்கள் பலவாறு முயன்றுள்ளனர். அவ்விவாதத்துள் நாம் ஈண்டு நுழையவில்லை. எழுதுதல் வேறு, எண்ணுதல் வேறு என்னும் ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். எழுதினால் பெயர் நிற்கும். எண்ணினால் தொகை மட்டுமே நிற்கும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தியபோது எழுதவே செய்தார்கள். அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய வம்சாவளி வல்லுநர் மூவர் அப்பணியில் அமர்த்தப்பட்டனர். மக்கள் குலவாரியாகப் பெயர் பெயராகப் பதியப்பட்டனர். ஆங்கில அரசு நம் நாட்டில் நடத்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்போ முதலில் எழுதிப் பின்னர் எண்ணியது. எண்ணி முடித்ததும் எழுதியதை அழித்தது. கடலோடி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் இடப்பெயர்ச்சிகளை அக்கணக்குகளின் வழியே தேடப் புகுவோர்க்கு நேரும் இடர் அனைத்தும் இதிலிருந்தே தோன்றுகிறது. அந்த இடரையும் அதைக் கடக்கும் வழியையும் கொங்கு நாட்டில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் கடல் உடையோர்

தமிழ் முஸ்லிம்களுள் மரக்காயர் எனப்படுவோர் தம் பெயரிலேயே கடலைச் சுமந்தவர்கள். மரக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லினின்று அப்பெயர் பிறந்ததென்பர் ஒரு சாரார். மர்கப் என்னும் அரபுச் சொல்லினின்று வந்ததென்பர் மற்றொரு சாரார். கரையில் வந்திறங்கிய அரபியரை, நீவிர் யாவர் என்று வினவியபோது அவர்கள் தம் கலத்தைச் சுட்டிக்காட்டி 'மர்கப்' என்றனர் என்றொரு கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் காணலாம். எதை ஏற்பினும் பெயருக்குள் கப்பல் இருப்பது உறுதி.

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நீளும் கரையூர்கள் இவர்களுடைய வாழிடங்கள். துணி, அரிசி, முத்து, சங்கு, பாக்கு, மிளகு முதலிய சரக்குகளை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இவர்களுடைய கலங்கள் சென்றுவந்தன. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி இம்மரபின் ஒளிவிளக்கு. இக்கடல் வணிக வரலாற்றை டாக்டர் ஜெ. ராஜா முஹம்மது 2004இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

கணக்கில் கரைந்த பெயர்

சென்னை மாகாணத்தில் மாகாணம் முழுவதையும் தழுவிய முதல் முறையான கணக்கெடுப்பு 1871இல் டாக்டர் கார்னிஷ் மேற்பார்வையில் நடந்தது. அதில் முஸ்லிம்கள் லெப்பை, மாப்பிள்ளை, அரபு, ஷேக், ஸையித், பட்டாணி, மொகல் முதலிய தலைப்புகளில் பிரிக்கப்பட்டனர். மரக்காயர் என்பது அவற்றுள் தனித் தலைப்பாக இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம் என்றால் லெப்பை என்பதே அன்றைய அலுவலர் பலரின் எண்ணம்.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய டபிள்யூ. ஃபிரான்சிஸ் இக்குறையை உணர்ந்திருந்தார். மரக்காயர் பல வகையில் லெப்பைகளினும் வேறுபட்டவர்கள் என்றும், ஆயினும் இரு சாராரின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்றும், மரக்காயர் தொகை இருக்கவேண்டிய அளவினும் குறைந்திருக்கிறது என்றும் அவரே தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டார். கணக்கெடுத்தவரே தம் கணக்கு சரியன்று எனக் கூறிய அரிய இடம் இது. மரக்காயர் தொகையை அவ்வறிக்கையிலிருந்து எடுத்தாள்வோர் இக்குறிப்பையும் சேர்த்தே எடுத்தாளவேண்டும்.

பெயர்க் குழப்பத்தோடு பருவக் குழப்பமும் சேர்ந்தது. அக்காலக் கணக்கெடுப்பு நாடெங்கும் ஒரே இரவில், யார் எங்கிருக்கிறாரோ அங்கேயே எண்ணும் முறையில் நடந்தது. அவ்விரவு 1881இல் பிப்ரவரி 17. 1891இல் பிப்ரவரி 26. 1901இல் மார்ச் 1. 1911இல் மார்ச் 10. 1921இல் மார்ச் 18. 1931இல் பிப்ரவரி 26. வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஓய்ந்து, சோழமண்டலக் கரையில் கடல் அமைதியுற்றுத் தோணிகள் ஓடும் காலம் அது. நிலா வெளிச்சமும் உலர்ந்த பாதைகளும் வேண்டி அரசு தேர்ந்த நாள்கள், கடலோடி வீட்டில் இல்லாத நாள்களாகவும் அமைந்தன. துறைமுகங்களில் நின்ற கலங்களில் இருந்தோரை எண்ணத் தனி ஏற்பாடு உண்டு. நடுக்கடலில் இருந்தவனையும், கொழும்பிலோ பினாங்கிலோ பண்டசாலையில் உறங்கியவனையும் கரையூர்க் கணக்கு அறியாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்கு உரியதாகி, மணமகன் மனைவியின் இல்லத்துக்கு வந்து வாழ்வது வழக்கம். ஆடவர் கடல்மேல் திரிய, அசையாத நங்கூரமாக இருந்தவர்கள் பெண்களே. எனவே அக்குடும்பங்களின் தடத்தைத் தேடுவோர் ஆண்வழியை மட்டும் பற்றிச் சென்றால் பாதியில் வழி தவறுவர். தாய் வீடு யாருடையது, தமக்கை வீடு எங்கே என்று கேட்டால் விடை கிடைக்கும்.

துறைதோறும் ஒரு பெயர்

கடல் கடந்த பின் இக்குடும்பங்கள் வேறு பெயர்களில் எண்ணப்பட்டன. இலங்கையில் போர்த்துக்கீசர் வைத்த பெயரின் வழியே ஆங்கிலக் கணக்கில் 'மூர்' ஆயினர், தமிழில் சோனகர். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்னும் இரு பிரிவுகள் வகுக்கப்பட்டன. தலைமுறைகளாகப் போக்குவரத்தும் கொள்வினை கொடுப்பினையும் கொண்டிருந்த ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் அதனால் இரு பத்திகளில் நின்றன. இந்தியக் கரையிலிருந்து வந்தோரைப் பேச்சுவழக்கில் 'சம்மான்காரர்' என்றனர். அதுவும் சம்பான் என்னும் தோணியின் பெயரே. அரசுக் கணக்கு மறந்த கலத்தை மக்கள் வழக்கு மறக்கவில்லை.

இலங்கையில் ஆங்கிலேயருக்கு முன் ஆண்ட ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தோம்புகள் இவ்வகையில் மேலானவை. குடித் தோம்பு, காணித் தோம்பு என்னும் அவ்வேடுகளில் குடும்பத் தலைவர், மனைவி, மக்கள் ஆகியோரின் பெயர்களும் அவர்களுடைய நிலமும் பதியப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வரி வாங்குவதற்காக எழுதிய ஏடுதான். ஆயினும் எழுதியதால் பெயர் நின்றது.

பினாங்கில் இவர்கள் சூலியா எனவும் கிளிங் எனவும் அழைக்கப்பட்டனர். முன்னது சோழம் என்பதோடும், பின்னது கலிங்கம் என்பதோடும் தொடர்புபடுத்தப்படும் பெயர்கள். அங்கு கப்பித்தான் பதவி வகித்த காதர் முஹ்யித்தீன் மரக்காயரின் தலைமையில் 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. நீரிணைக் குடியேற்றங்களின் 1871ஆம் ஆண்டுக் கணக்கில் கிளிங் ஒரு தலைப்பு. தமிழ் முஸ்லிம் ஆடவர்க்கும் மலாய்ப் பெண்டிர்க்கும் பிறந்தோர் உள்ளிட்ட ஜாவிப் பெக்கான் மற்றொரு தலைப்பு. 1891இல் தலைப்புகளைத் தொகுத்தபோது ஜாவிப் பெக்கான் மலாயர் தொகுதிக்குள் வைக்கப்பட்டது. தந்தை தமிழர் பத்தியிலும் மகன் மலாயர் பத்தியிலும் எண்ணப்படும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. எனினும் மெரிக்கன், மரிக்கான், மரைக்கார் என எழுத்து மாறியும் குடும்பப் பெயர் அங்குப் பிழைத்திருக்கிறது.

கணவாயின் இரு புறமும்

கடலையே காணாத கொங்கு நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். கொங்கு நாடு இரு கடல்களுக்கும் இடைவழி. பாலக்காட்டுக் கணவாயே இரு கரைகளையும் இணைக்கும் வாயில். கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் அவ்வழியின் பழமைக்குச் சான்று. 1862இல் போத்தனூர் வழியாக இருப்புப்பாதை இரு கரைகளையும் இணைத்தது. 1873இல் கோவை நகருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் கிளைப்பாதை அமைந்தது. நீராவிக் கப்பல்கள் பாய்மரத் தொழிலை நலியச் செய்த அதே காலத்தில் இருப்புப்பாதை உள்நாட்டில் புதிய சந்தைகளைத் திறந்தது. கடலில் இழந்த வணிகத்தைத் தரையில் தேடி உள்நாடு வந்தோர் பலர்.

கணவாய்க்கு மேற்கேயும் இக்குடியினர் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசரை எதிர்த்த குஞ்ஞாலி மரக்கார்களின் முன்னோரைச் சோழமண்டலக் கரையோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர் உளர். அம்மரபின் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். மலபார்க் கணக்கில் மரக்கார் குடும்பங்கள் மாப்பிள்ளை என்னும் பெருந்தலைப்பில் அடங்கின. ஆக, கிழக்கே லெப்பை, மேற்கே மாப்பிள்ளை. இடையிலுள்ள கோவையில் தமிழ் பேசும் முஸ்லிம் யாராயினும் ஊரார் வாயில் 'ராவுத்தர்'.

ராவுத்தர் என்பது குதிரை வீரரையும் குதிரை வணிகரையும் குறித்து வந்த பெயர். மரக்கலம் செலுத்தியவரின் பேரனைக் குதிரையேறியவரின் பெயரால் அழைப்பது விந்தையே. ஆயினும் அரபு கற்றோர்க்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ர-க-ப என்னும் வேர் ஏறிச் செல்லுதலைக் குறிக்கும். குதிரை மேல் செல்வோன் ராகிப். கடலில் ஏறிச் செல்லும் கலம் மர்கப். இரு பெயர்களும் அவ்வேரில் வந்து கூடுகின்றன.

1901இல் கோவை நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 53 ஆயிரம். மாவட்டக் கணக்கின் அட்டவணைகளுள் ஒன்று மக்களைச் சமயமும் குலமும் பற்றிப் பிரிக்கிறது. வேறொன்று, இங்கு வாழ்வோர் எந்த மாவட்டத்தில் பிறந்தவர் என்று கூறுகிறது. முன்னதில் 'யார்' என்பதற்கு விடை உண்டு. பின்னதில் 'எங்கிருந்து' என்பதற்கு விடை உண்டு. மதுரை மாவட்டத்தில் பிறந்து கோவையில் வாழ்வோருள் கரையூர் முஸ்லிம் எத்துணையர் என்று கேட்டால் இரண்டும் வாய் திறவா. இரு அட்டவணைகளுக்கும் நடுவேயுள்ள அந்த இடைவெளியில்தான் நம் குடும்பங்கள் மறைந்து நிற்கின்றன.

ஹிஜ்ரி 1349 ஷவ்வால்

இதை எம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவோம். எம் பாட்டனார் கீழக்கரையில் பிறந்தவர். இளமையில் கோவைக்கு வந்து பெரிய கடை வீதியை அடுத்த சந்து ஒன்றில் பாக்கு வியாபாரம் செய்தவர். அவருடைய முன்னோர் இலங்கைப் பாக்கைத் தோணியில் கொணர்ந்தனர். அவரோ மலபார்ப் பாக்கை இரயிலில் வரவழைத்தார். சரக்கு ஒன்றே, வழி வேறு. அவருடைய நிக்காஹ் கோவையில் ஒரு மஹல்லாவில், ஹிஜ்ரி 1349 ஷவ்வால் மாதத்தில் நடந்தது. அந்த ஷவ்வால் பிறந்து ஒரு வாரம் கழிந்த நிலையில்தான் 1931 பிப்ரவரி 26ஆம் நாள் கணக்கெடுப்பு இரவு வந்தது. ஒரே மாதத்தில் ஒரே மனிதரை இரண்டு பதிவுகள் தொட்டன.

கணக்கெடுப்பாளர் படிவத்தில் எழுதியது அலுவலகத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டாகப் பெயர்க்கப்பட்டது. 1901 முதல் அதுவே முறை. சீட்டுகள் இனவாரியாகப் பிரித்து அடுக்கி எண்ணப்பட்டன. எண்ணி முடித்த பின் அவற்றுக்கு வேலையில்லை. பாட்டனாரின் சீட்டு எந்த அடுக்கில் விழுந்தது என்பதற்கு அச்சிட்ட அட்டவணையில் விடையில்லை. பெருந்தொகை ஒன்றில் அவர் ஓர் ஒன்று, அவ்வளவே.

நிக்காஹ் தஃப்தரிலோ ஒரு பக்கம் முழுவதும் அவருக்கு உரியது. அவர் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர், ஊர் கீழக்கரை, தொழில் பாக்கு வியாபாரம், மஹர்த் தொகை, மணமகளின் வலீ, வக்கீல், சாட்சிகள் இருவர் என அனைத்தும் அரபுத் தமிழ் எழுத்தில் பதிவாகியுள்ளன. தந்தையின் பெயரை அடுத்து 'மரக்காயர்' என்னும் சொல் தெளிவாக இருக்கிறது. சாட்சிகளுள் ஒருவர் தொண்டிக்காரர். ஆகவே அக்காலக் கோவையில் அவர் ஒருவர் மட்டும் கரையிலிருந்து வந்தவர் அல்லர் என்பதும் தெரிகிறது. அரசு பல்லாயிரம் பேரை ஏவித் தேடியும் பாதுகாக்காத செய்தியை, மாதச் சம்பளம் சில ரூபாய் பெற்ற ஒரு கத்தீப் நாணல் எழுதுகோலால் பாதுகாத்துவிட்டார்.

பிற்பாடு நடந்ததையும் கூறவேண்டும். பாட்டனாரை அண்டை வீட்டுக் கவுண்டர்கள் "வாங்க ராவுத்தரே" என்று அன்போடு அழைத்தனர்; கடையும் ராவுத்தர் கடை ஆயிற்று. எம் தந்தையாரின் பள்ளிச் சான்றிதழில் ராவுத்தர் என்றே எழுதினர். எம் சான்றிதழில் லெப்பை என்று இருக்கிறது. மூன்று தலைமுறை, மூன்று பெயர், குருதி ஒன்று. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில், ராவுத்தரையும் மரக்காயரையும் உள்ளடக்கியதாகவே லெப்பை என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. 2007இல் வந்த 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீட்டின் பயனும் இப்பட்டியலின் வழியாகவே கிடைக்கிறது. எனவே அப்பெயரை யாம் குறை கூறவில்லை. எம் மக்கள் கல்லூரி சென்றது அதனால்தான். 1901இல் பிழையென்று கருதப்பட்ட கலப்பு பிற்காலத்தில் உரிமையின் பெயராக மாறியது வரலாற்றின் போக்கு. ஆயினும் உரிமைக்கு ஒரு பெயர் போதும், வரலாற்றுக்குப் போதாது.

இனிச் செய்யத்தக்கது

இங்கிலாந்தில் 1841 முதலான கணக்கெடுப்புப் படிவங்கள் பெயர்களோடு பெரும்பாலும் காக்கப்பட்டு, நூறாண்டு கழிந்த பின் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அங்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் மாலுமிகளுக்கும் தனிப் படிவம் இருந்தது. நம் கரையிலிருந்து சென்ற மாலுமி ஒருவர் கணக்கெடுப்பு இரவில் இலண்டன் துறையில் இருந்திருப்பின் அவர் பெயர் இன்று கிடைக்க வாய்ப்புண்டு. சொந்த ஊரில் இருந்திருப்பின் கிடைக்க வழியில்லை. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் தனியார் பற்றிய பதிவுகளைப் பார்வைக்குத் தருவதில்லை. வாழ்வோரின் பாதுகாப்புக்கு அது தேவையானதே. ஆனால் வரலாறு தேடுவோர் அவ்வாயிலில் நின்று பயனில்லை.

அவ்வாறாயின் நம் கையில் இருப்பவை யாவை? நிக்காஹ் தஃப்தர்கள், வக்ஃபுப் பத்திரங்கள், கப்ருக் கல்வெட்டுகள், பள்ளிவாசல் வரிப் பேரேடுகள், பாகப்பிரிவினை ஓலைகள், கடல் கடந்து வந்த கடிதங்கள் ஆகியவையே. இவை எண்ணிய கணக்குகள் அல்ல, எழுதிய கணக்குகள். ஆனால் இவை எவ்வாறு இருக்கின்றன? எம் பாட்டனாரின் பதிவு உள்ள தஃப்தரைக் கண்டபோது அதன் முன்பகுதி கரையானுக்கு இரையாகியிருந்தது. எஞ்சிய தாள்கள் தொட்டால் உதிர்ந்தன. அரபுத் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த மஹல்லாவில் ஒருவரும் இல்லை. அவ்வெழுத்து வாசிக்கப்படாமல் போகுமாயின், ஏடு இருந்தும் இல்லாததே ஆகும்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு எம் வேண்டுகோள் எளியது. 1950க்கு முற்பட்ட தஃப்தர்களை ஈரமில்லாத பெட்டிக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அரபுக் கல்லூரி மாணவர்க்கு அரபுத் தமிழ் வாசிப்பை ஒரு பருவமேனும் கற்பித்து, அவர்களைக் கொண்டு பெயர், தந்தை பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதச் செய்யுங்கள். கோவையில் எழுதப்படும் அப்பட்டியலையும் கீழக்கரையிலும் தொண்டியிலும் எழுதப்படும் பட்டியலையும் ஒப்பிடும் நாளில், அரசு அட்டவணைகள் இரண்டும் சொல்லாது விட்டதை நம் ஏடுகள் சொல்லும்.

2025 ஜூன் மாதம் வெளியான அரசு அறிவிக்கை, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறித்தது. 1931க்குப் பின் முதன்முறையாக, அனைவரின் சாதியும் அக்கணக்கெடுப்பின் பகுதியாகக் கேட்கப்படும் என்பது அரசின் முடிவு. நம் வீட்டு வாயிலில் அவ்வினா எழும்போது, உரிமைக்கு உரிய பெயர் எது, முன்னோர் பெயர் எது என்று அறிந்து விடை கூறுதல் நலம். குலப்பெருமை பேசுவதற்கு இஸ்லாத்தில் இடமில்லை. உறவைப் பேணும் அளவுக்கேனும் உங்கள் வம்சாவளியை அறிந்துகொள்ளுங்கள் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதியில் உண்டு. கீழக்கரையில் எம் பாட்டனாரின் தமக்கை வழியினர் அதே வீட்டில் வாழ்ந்துவருகின்றனர். தஃப்தரின் அந்த ஒரு பக்கத்தைக் கையில் கொண்டு சென்ற பிறகே, அவ்வீட்டார் எமக்கு என்ன முறை என்பதை யாம் அறிந்தோம். எண்ணியவர்களால் அதைச் சொல்ல இயலவில்லை, எழுதியவர் சொன்னார்.